சாரணியர் படைக்குப் போக மாட்டேன் என்கிறாள் மகள்

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளியில் சாரணியர் இயக்கத்தின் சிறுமியர் பிரிவான புல்புல் பிரிவில் இருக்கிறாள். அதன் படிகளில் ஸ்வர்ண பங்க் வரை வந்துவிட்டாள், இந்த வருடம் ஆறு பேர் குழுவுக்குத் தலைவியான சிக்ஸராகவும் இருந்தாள். ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனதும் சாரணியர் (கைடு) படையில் சேர வேண்டும் என்று டீச்சர் சொல்கிறார். இவளோ, "அங்கே எல்லாரும் பெரிய அக்காங்க, நான் போக மாட்டேன்" என்று அழுகிறாள். அடுத்த படியான ஹீரக் பங்க் முடிக்கும் வரை இன்னும் ஒரு வருடம் புல்புல் பிரிவிலேயே விட்டுவைக்கலாமா? வெளியே இரவு தங்கும் முகாம் என்றாலே என் மாமியார் கூடாது என்கிறார். படிப்பு கெடும், இதனால் என்ன பிரயோஜனம் என்பது கணவரின் கேள்வி. என் நாத்தனார் மகள் படையில் ராஜ்ய புரஸ்கார் விருது வாங்கியவள். அவளைப் போல இவளும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இவளை எப்படித் தயார்படுத்துவது?
— ஈரோடு மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியில் புல்புல் பிரிவையும் சாரணியர் படையையும் நடத்திய ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இதே கவலையோடு வரும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அழுவதில் தவறாக ஒன்றும் இல்லை. அவள் நிலையில் நின்று பார்த்தால் அந்த அழுகைக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

முதலில் அந்தக் காரணத்தைப் பார்ப்போம். இந்த வருடம் அவள் சிக்ஸர். அவள் கீழே ஐந்து குட்டிப் பெண்கள். வரிசையில் யார் முன்னால், யார் பின்னால், யாருடைய ஸ்கார்ஃப் கோணலாக இருக்கிறது என்று பார்த்தவள் அவள். ஜூனில் சாரணியர் படைக்குப் போனால் அங்கே எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருப்பார்கள். இவள்தான் ஆகக் கடைசி, அணியில் ஆகச் சிறியவள். பெரியவர்கள் நமக்கு இது மேலே ஏறுவதாகத் தெரிகிறது. அந்தக் குழந்தைக்கு இருந்த இடமே போகிறது. "பெரிய பொண்ணு ஆகிட்டே, சந்தோஷமா போ" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, தன் வருத்தம் யாருக்கும் புரியவில்லை என்றுதான் அவளுக்குப் படும். ஒரு நாள் சாவகாசமாக உட்காரவைத்து, "சிக்ஸரா இருந்துட்டு இப்போ கடைசி ஆளா போறது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் அறிவுரை வேண்டாம். பாதி அழுகை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது, இன்னும் ஒரு வருடம் புல்புல் பிரிவிலேயே வைத்திருப்பது. வேண்டாம். புல்புல் வயது 10-உடன் முடிகிறது, சாரணியர் வயது அங்கேதான் தொடங்குகிறது. ஹீரக் பங்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். புல்புல் பிரிவையே எட்டிப் பார்க்காத பெண்கூட ஆறாம் வகுப்பில் நேராகப் படையில் சேரலாம். மூன்று வருடம் பழகியவளுக்கு ஒரு பங்க் பாக்கி இருப்பது எந்தக் கதவையும் அடைக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆறாம் வகுப்புப் பெண் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு அதே கதையையும் அதே விளையாட்டையும் மறுபடி செய்துகொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் சலித்துப்போவாள். அப்படிச் சலித்து நின்ற பெண்களைத் திரும்ப அழைத்துவருவது, பயந்து தயங்குகிற பெண்ணைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

இந்த வயதுப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்பதை மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்களின் பெரிய அணிவகுப்பு நடந்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்த அந்தக் கூட்டத்துக்குச் சில பெண்கள் தாங்களாகவே சாரணர் உடையில் வந்து நின்று, "எங்களுக்கும் வேண்டும்" என்றார்கள். அதிலிருந்துதான் 1910-இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் பிறந்தது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே, 1911-இல், இந்தியாவின் முதல் படை ஜபல்பூரில் தொடங்கிவிட்டது. அப்புறம் அந்தப் பெண்களின் தங்கைகள் "நாங்களும் வருவோம்" என்று அடம்பிடிக்க, சிறுமிகளுக்கென்று 1914-இல் இன்னொரு பிரிவு வந்தது. சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்து ஆசைப்பட்டதால் உண்டான பிரிவு அது. உங்கள் மகள் பயப்படுகிற அந்த அக்காக்களைப் பார்த்து அன்றைய தங்கைகள் ஏங்கியிருக்கிறார்கள்.

சரி, இரண்டு பிரிவுகளுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? புல்புல்லுக்கு விதிகள் இரண்டே இரண்டு: பெரியவர்களை மதிப்பாள், சுத்தமாகவும் பணிவாகவும் இருப்பாள். சாரணியருக்கு விதிகள் ஒன்பது. நம்பத்தக்கவளாக இருப்பது, எல்லோருக்கும் தோழியாக இருப்பது, பொதுச் சொத்தைக் காப்பது, தைரியமாக இருப்பது, சிக்கனமாக இருப்பது என்று அது விரிகிறது. புல்புல் பிரிவில் எல்லாவற்றையும் டீச்சர் நடத்துவார். படையில் ஆறு முதல் எட்டுப் பெண்கள் ஓர் அணி, அணிக்கு அவர்களில் ஒருத்தியே தலைவி. அடுத்த வாரம் என்ன செய்வது, முகாமில் யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது என்பதை அணித் தலைவிகள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். படைக்குப் பொறுப்பான ஆசிரியை, அதாவது கேப்டன், பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான். அதாவது உங்கள் மகள் இதுவரை ஓர் ஆசிரியையின் கையில் இருந்தாள். இனி தன்னைவிட மூன்று வயது மூத்த ஒரு பெண்ணின் கையில் இருக்கப்போகிறாள். அவள் பயப்படுவது அந்த மூத்த பெண்ணைத்தான். அவள் பயம் தெளிவதும் அந்தப் பெண்ணால்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். படையில் முதலில் கற்றுத்தருவது முடிச்சுகள். அதில் முதலாவது ரீஃப் முடிச்சு. வலது முனையை இடதின் மேல் போட்டுச் சுற்ற வேண்டும், பிறகு இடதை வலதின் மேல். இரண்டாவது முறையும் அதே பக்கம் போட்டுவிட்டால் பார்க்க முடிச்சு மாதிரிதான் இருக்கும், இழுத்தால் நழுவிவிடும். முதலுதவியில் முக்கோணத் துணியைக் கட்டும்போது இந்த முடிச்சைத்தான் போடுவோம். தட்டையாகப் படிந்து உட்காரும், காயம்பட்டவருக்கு உறுத்தாது. இதைப் புதுப் பெண்ணுக்குச் சொல்லித்தரும்போது, நல்ல அணித் தலைவி எதிரே உட்கார மாட்டாள். எதிரே உட்கார்ந்தால் வலம் இடமாகிவிடும், குழந்தை குழம்பும். பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்தபடி, "இப்ப உன் வலது கை... இப்ப மாத்து" என்று சொல்வாள். இதை அந்தப் பெண்ணுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இன்னொரு அக்கா அப்படி உட்கார்ந்து சொல்லித் தந்திருப்பாள். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது இதுதான். பள்ளியில் வேறு எந்த நேரத்தில் ஓர் எட்டாம் வகுப்புப் பெண் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்காக அரை மணி நேரம் ஒதுக்குகிறாள்?

அதனால் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். பள்ளி முடிவதற்குள் கைடு கேப்டனிடம் பேசுங்கள். உங்கள் மகளை இரண்டு மூன்று வாரம் படைக் கூட்டத்துக்குச் சும்மா வந்து போக விடச் சொல்லுங்கள். சேரவும் வேண்டாம், சீருடையும் வேண்டாம். எந்த அணியில் சேரப்போகிறாளோ அந்த அணித் தலைவியின் பெயர் அவளுக்கு இப்போதே தெரிய வேண்டும். கூட்டமாக நிற்கும்போது பயமுறுத்துகிற "பெரிய அக்காக்கள்" ஒரே ஒரு அக்காவாகிவிட்டால் பயம் குறையும். புல்புல்லில் அவளோடு இருக்கும் மற்ற ஐந்தாம் வகுப்புத் தோழிகளில் ஒருத்தியையாவது அதே அணியில் போடச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. எல்லோரையும் ஒரே அணியில் கேட்காதீர்கள். அப்படிப் போட்டால் அவர்கள் தங்களுக்குள்ளேயே சுருண்டுகொள்வார்கள்.

புல்புல் பிரிவிலிருந்து விடைபெறும் சடங்கையும் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். நேரமில்லை என்று பல பள்ளிகளில் இதை விட்டுவிடுகிறார்கள், பெயர்ப் பட்டியலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சின்னவர்கள் வட்டமாக நிற்க, ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து விடைபெற்று, மறுபக்கம் படை வரிசையாக நிற்கும் இடத்துக்குத் தானே நடந்துபோய், அங்கே அணித் தலைவி வந்து கையைப் பிடித்துத் தன் அணியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலை. ஒன்று முடிந்தது, இன்னொன்று தொடங்கியது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டாமா? முடிந்தால் நீங்களும் கணவரும் போய் நில்லுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. அம்மாவாக உங்கள் உதவி முக்கியமாகத் தேவைப்படுவது இங்கேதான். படைக்குப் போகும் பெண் தன் காரியத்தைத் தானே செய்யத் தெரிந்தவளாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும். கோடை விடுமுறையில் அவள் பையை அவளே அடுக்கட்டும். அத்தை வீட்டுக்கு இரண்டு நாள் போவதானாலும் என்னென்ன வேண்டும் என்று அவளே எழுதி, எடுத்து, மடித்து வைக்கட்டும். எதையாவது மறந்தால் நீங்கள் ஓடிப்போய் எடுத்துக்கொடுக்காதீர்கள். சாப்பிட்ட தட்டை அவளே கழுவட்டும், உள்ளாடையை அவளே துவைக்கட்டும். பக்கத்தில் நின்றுகொண்டு அடுப்பு பற்றவைக்கவும், ஒரு உப்புமா கிண்டவும் விடுங்கள். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள். தலை பின்னுவதையும் பழக்குங்கள். முகாமில் காலை ஐந்தரை மணிக்கு இருபது பெண்கள் எழுந்து தயாராகும்போது, பின்னிவிட ஆள் தேடி நிற்கிற பெண்தான் அம்மாவை நினைத்து அழுவாள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். படையில் செய்ததையெல்லாம் அவள் பதிவு செய்யும் லாக் புக்கை நீங்கள் எழுதாதீர்கள். படம் வரைய ஆள் பிடிப்பது, கடையில் அச்சிட்ட படங்களை வாங்கி ஒட்டுவது, அம்மாவின் கையெழுத்தில் முகாம் அறிக்கை, இதையெல்லாம் நிறையப் பார்த்துவிட்டேன். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை எழுதியது பிள்ளை எழுதியதுதான். தேர்வு முகாமில் பரிசோதகர் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இது என்னம்மா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

ராஜ்ய புரஸ்கார் ஆசைக்கு வருவோம். ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் நுழைவு நிலையான பிரவேஷ், பிறகு படிப்படியாகப் பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், அதற்கு மேல்தான் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேல் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் இடையே மாதக்கணக்கில் காலம் வைத்திருக்கிறார்கள். பணத்தாலோ சிபாரிசாலோ அதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் ஒன்பதாம் வகுப்புக்குள் ராஜ்ய புரஸ்கார் முகாம் வரை நிதானமாகவே போய்விடலாம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நேரத்தில் அலைய வேண்டியிருக்காது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். வாரம் ஒரு கூட்டம், வருடத்தில் சில முகாம்கள், இதனால் ஆறாம் ஏழாம் வகுப்புப் படிப்பு கெட்டுப்போகாது.

அவர் கேட்கும் பிரயோஜனத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ரயில்வேயில் சாரணர், சாரணியருக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, குடியரசுத் தலைவர் விருது வரை போனவர்கள் அதில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடங்கள் மிகமிகக் குறைவு. பத்து வயதுக் குழந்தையை அதற்காகச் சேர்ப்பதாக இருந்தால் சேர்க்கவே வேண்டாம் என்பேன். கீழே விழுந்து கையில் எலும்பு முறிந்த ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கும்போது, துப்பட்டாவை மடித்துத் தூளிக்கட்டு போடத் தெரிந்த பெண்ணாக உங்கள் மகள் இருப்பாள். அந்நியர்கள் நடுவே வாய்திறந்து பேசுவாள். இதைவிடப் பெரிய பிரயோஜனம் எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார் மகளின் பெயரை மட்டும் இவள் முன்னால் எடுக்காதீர்கள். அந்தப் பெண் வீட்டுக்கு வரும்போது, முகாம் கதைகளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மழையில் கூடாரம் ஒழுகியது, சோறு குழைந்தது, இரவில் சிரித்துத் திட்டு வாங்கியது, இவையெல்லாம் வரட்டும். சான்றிதழ் பேச்சு வேண்டாம்.

மாமியாரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெண் குழந்தை வெளியே தங்குவது என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேள்விகளைப் பள்ளியிடம் கேளுங்கள். இரவில் எத்தனை பெண் ஆசிரியைகள் உடன் தங்குகிறார்கள்? படுக்கும் இடம் எங்கே, கழிப்பறைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், தாழ்ப்பாள், விளக்கு இருக்கிறதா? ஆண் பிள்ளைகளின் முகாமும் சேர்ந்து நடக்கிறதா, நடந்தால் தங்குமிடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது? பேருந்தில் யார் கூட வருகிறார்கள்? உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு முதல் போன்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தராத பள்ளியானால் அந்த முகாமுக்கு அனுப்பாதீர்கள், மாமியார் சொல்வதே சரி. நல்ல கேப்டன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். மகளிடமும் சொல்லிவையுங்கள்: யார் தொட்டாலும், எது சரியில்லை என்று தோன்றினாலும், உடனே கேப்டனிடமோ அம்மாவிடமோ சொல்ல வேண்டும், திட்டு விழாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

எடுத்தவுடன் ஐந்து நாள் முகாம் வேண்டாம். முதலில் ஒரு பகல் நடைப்பயணம், பிறகு பள்ளி வளாகத்திலேயே ஓர் இரவு என்று போனால் பாட்டிக்கும் பேத்திக்கும் பழகிவிடும். வாய்ப்பிருந்தால் பகலில் ஒரு முறை பாட்டியையே முகாம் இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். அடுப்பு மூட்டிச் சமைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அவரே போய் உப்பு பார்த்துச் சொல்வார்.

நீங்கள் எழுதாத ஒன்று உண்டு. நான் எழுதியாக வேண்டும். இன்னும் ஓரிரு வருடத்தில் உங்கள் மகள் வயதுக்கு வரலாம். ஜூனுக்கு முன்பே மாதவிலக்கு பற்றி அவளிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள். முகாம் பையில் ஒரு சின்னப் பையாக நாப்கின், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் இரண்டு தாள் எப்போதும் இருக்கட்டும், இப்போதே இருக்கட்டும். முகாமில் முதல்முறையாக நேர்ந்தாலும் அணியிலுள்ள அக்காக்கள் பார்த்துக்கொள்வார்கள், இதில் அவர்கள் காட்டுகிற அக்கறையைப் பலமுறை கண்டிருக்கிறேன். நான் பார்த்தவரை, ஏழாம் எட்டாம் வகுப்பில் பெண்கள் படையை விட்டு நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான். "பெரிய மனுஷி ஆயிட்டா, இனி வெளியே எதுக்கு" என்று வீட்டில் ஒரு பேச்சு வரும், அத்தோடு முடிந்தது. பிரதம சோபான் முடித்து, கைகாலெல்லாம் துறுதுறுவென்று இருக்கிற பெண் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாள். உங்கள் வீட்டு முறைப்படி சீர், சடங்கு எது வேண்டுமானாலும் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். அதற்குப் பிறகு அவள் படைக்குத் திரும்பிப் போவாள் என்பதைக் கணவரிடமும் மாமியாரிடமும் இன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் பேசத் தொடங்கினால் உங்கள் குரல் எடுபடாது.

இவ்வளவும் செய்த பிறகும் அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். அதனால் ஒரு பருவம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "காலாண்டுத் தேர்வு வரைக்கும் போய்ப் பாரு. அதுக்கப்புறமும் வேண்டாம்னா விட்டுடலாம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் அவள் பிரவேஷ் முடித்து, உறுதிமொழி எடுத்து, படையில் முழு உறுப்பினராகவே ஆகியிருக்கவும் கூடும். அப்போதும் வேண்டாம் என்றால் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது, தேசியப் பசுமைப்படை இருக்கிறது, எட்டாம் வகுப்பில் என்சிசி வரும். பத்து வயதில் ஒன்றை வேண்டாம் என்று சொன்ன பெண்ணை யாரும் கேலி செய்யாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீருடையை இப்போது தைக்காதீர்கள். அவள் சேர்வதாகச் சொன்ன பிறகு, அளவெடுக்க அவளையே அழைத்துக்கொண்டு போங்கள். கீழே இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், இந்த வயதில் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள்.